சொக்கத் தேன்

இட்லிக்காரர்கள் சைக்கிளில் கிளம்பிப் போன பிறகு மும்பை, தாராவி 90 அடி ரோட்டின் ஓரத்தில் கொஞ்ச நேரம் இடம் காலியாக இருக்கும். அங்கேதான் அவன் வாளியை இறக்கி வைக்கிறான். அலுமினிய வாளி. பாதிக்கு மேல் பழுப்பாக ஏதோ தளும்புகிறது. அதன்மேல் ஒரு பெரிய தேனடைத் துண்டு. அடையின்மேல் சில தேனீக்கள், ஒன்றிரண்டு உயிரோடு. வாளியில் இருப்பது அந்த அடையிலிருந்து வந்ததுதான் என்று அவன் வாயால் சொல்வதே இல்லை. பார்க்கிறவர்கள் தாங்களாகவே அப்படி எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் வருகிறவர் கையில் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஓர் அம்மா. இடுப்பில் சொருகிய சேலை, காதில் பாம்படம் இருந்து இறங்கிய நீளம்.

"பையா, அஸ்லி ஹை க்யா?"

"ஏக்தம் அஸ்லி, அம்மா."

பதிலைக் கேட்டுவிட்டு அந்த அம்மா பக்கத்துத் தையல் கடையைப் பார்த்துத் திரும்புகிறார். "இவன் என்ன அசலில்லன்னா சொல்லப் போறான்? போன தடவ ஒருத்தன்ட்ட வாங்கி, வெறும் வெல்லப்பாகு. நீங்க கொஞ்சம் வந்து பாருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி எழுந்து வருகிறார். ஊரில் இந்த மாதிரி விஷயங்களுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அவர் நடையிலேயே தெரிகிறது. தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துத் தேனில் முக்கி, உதறி, உரசுகிறார். இரண்டாவது உரசலில் பற்றிக்கொள்கிறது. கூட்டத்தில் ஒரு சின்ன முணுமுணுப்பு. டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் வருகிறது. ஒரு சொட்டு விடுகிறார். சொட்டு கலையாமல் நேரே அடியில் போய் உட்காருகிறது. அடுத்து தினத்தந்தி. தாளில் ஒரு சொட்டு, ஊறவில்லை. "எங்க ஆச்சி நல்ல தேன நாய் நக்காதும்பா" என்று ஒரு பையன் நான்காவது பரிசோதனையை முன்வைக்கிறான். அங்கே படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைகிறது.

இந்த நான்கில் நாயை விட்டுவிடலாம். மற்ற மூன்றும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இதில் தண்ணீர் எவ்வளவு? தேன் என்பது பெரும்பாலும் சர்க்கரை. நூறு கிராமில் ஏறக்குறைய 38 கிராம் ஃப்ரக்டோஸ், 31 கிராம் குளுக்கோஸ், 17, 18 கிராம் தண்ணீர். தண்ணீர் குறைவாக இருப்பதால்தான் குச்சி பற்றுகிறது, சொட்டு மூழ்குகிறது, தாள் நனைய மறுக்கிறது. அதே கெட்டியில் காய்ச்சிய எந்தப் பாகும் இந்த மூன்றிலும் தேறும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டிலே செய்து பார்க்கச் சொல்லும் பரிசோதனைகளில் தண்ணீர்ச் சொட்டும், தேனில் நனைத்த பஞ்சுத் திரியும் இருக்கின்றன. அண்ணாச்சி தனியாள் இல்லை.

அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனை வாங்கிச் சோதித்த கதை நினைவிருக்கலாம். நம் நாட்டுச் சட்டம் கேட்கும் சோதனைகளில் அவற்றில் பெரும்பாலானவை தேறிவிட்டன. அதே பாட்டில்களை ஜெர்மனியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்கிற சோதனையில் வைத்தபோது 10 பிராண்டுகள் தோற்றன. சில நிறுவனங்கள் மறுத்தன. அந்த வாதம் தனி.

எப்படித் தேறின என்பதுதான் சுவாரசியம். கரும்பும் மக்காச்சோளமும் ஒரு வகையில் கார்பனைச் சேர்க்கின்றன. நெல்லும் பீட்ரூட் இனமும் வேறு வகையில். பூச்செடிகள் பெரும்பாலும் நெல்லின் கட்சி. ஆகவே கரும்புச் சர்க்கரை கலந்தால் கார்பன் ஐசோடோப்புச் சோதனை காட்டிக் கொடுத்துவிடும். அது தெரிந்ததும் அரிசிப் பாகு வந்தது. அரிசிப் பாகைப் பிடிக்கச் சோதனை வந்தது. அதையும் தாண்டுகிற பாகு வந்தது. உத்தரகாண்டின் ஜஸ்பூரில் ஓர் ஆலையிலிருந்து மையத்தின் ஆட்கள் வாங்கி வந்த பாகுக்கு வியாபார வட்டத்தில் பெயரே 'ஆல் பாஸ்'. நல்ல தேனில் அதைப் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தார்கள். அந்தக் கலவையும் பாஸ். எதை அளப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அளப்பதற்கேற்ற பொருளைச் செய்து தருவதற்கு ஆள் வந்துவிடுகிறான். கேள்வித்தாள் கசிந்த தேர்வு.

தாராவியிலிருந்து மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் மகாராஷ்டிர அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. ஆட்டோவில் போனால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். வாளிக்காரன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

*

மாட்டுங்காவில் தேனுக்கு வேறு மரியாதை. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்று. பூக்கட்டுகிறவர்கள், வாழையிலை, காப்பிப்பொடி அரைக்கிற வாசனை. பூஜை சாமான்களும் நாட்டு மருந்தும் விற்கிற பழைய கடை. தேன் இங்கே கண்ணாடி அலமாரியில், குங்குமப்பூவுக்குக் கீழே, பஞ்சகவ்ய விளக்குக்கு மேலே.

ஒரு மாமி அரைக் கிலோ பாட்டிலைக் கையில் வாங்குகிறார். மூடியைத் திறக்கவில்லை. வாசலுக்கு வந்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பாட்டிலைச் சாய்க்கிறார், நிமிர்த்துகிறார். உள்ளே குமிழி மெதுவாக மேலேறுகிறது.

"அடியில உறைஞ்சிருக்கே. சக்கரை போட்டிருக்காளோ?"

கடைக்காரர் இந்தக் கேள்வியை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேட்டவர். "தேன் உறையும் மாமி. வெந்நீர்ல வெச்சா இளகிடும்."

"எனக்கு உறையாததாக் குடுங்கோ."

அவர் உறையாததைக் கொடுக்கிறார். வியாபாரி வேறென்ன செய்வார்? உறைவது குளுக்கோஸ். அது மிகுந்த தேன், உதாரணமாக வடக்கேயிருந்து வரும் கடுகுப்பூத் தேன், சீக்கிரம் உறையும். ஃப்ரக்டோஸ் மிகுந்தது மெதுவாக உறையும். அழகாக, தெளிவாக, வருடக்கணக்கில் உறையாமல் இருக்கும்படி ஒரு பாகைத் தயாரிப்பது ஆலைக்குச் சுலபமான வேலை. மாமி திருப்பிக் கொடுத்த பாட்டில் ஒருவேளை நல்ல பாட்டில்.

ஆனாலும் அந்தக் கையசைவு, பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தது, சரியான திசையில்தான் இருந்தது. தேன் வியாபாரிகள் அதையே ஒரு கருவியை வைத்துச் செய்கிறார்கள். கடையின் உள்ளறையில் சரக்குக் கொண்டுவந்த ஒருவர் அதைக் கைப்பையிலிருந்து எடுக்கிறார். பேனாவைவிடப் பருமனான ஒரு குழாய். ஒரு முனையில் சாய்வான கண்ணாடி. அதில் ஒரு சொட்டுத் தேனைத் தடவி, மூடியைக் கவிழ்த்து, சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணில் வைத்துப் பார்க்கிறார். உள்ளே மேல் பாதி நீலம், கீழ்ப் பாதி வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் தண்ணீர் அளவு. ஒளிவிலகல்மானி. வெளிச்சம் தேனுக்குள் எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு சொல்கிறது. சட்டப்படி 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் புளித்துவிடும். "பதினெட்டரை" என்கிறார் வந்தவர். கடைக்காரரும் வாங்கிப் பார்த்துத் தலையசைக்கிறார்.

தீக்குச்சியின் படித்த அண்ணன் இது. நம்பரைச் சொல்கிறது, அவ்வளவுதான். பதினெட்டரையில் நிற்கிற ஆல் பாஸ் பாகையும் அதே நீலம், அதே வெள்ளையாகத்தான் காட்டும்.

வெளிச்சத்திடம் இதைவிட நுணுக்கமாகக் கேட்க முடியும் என்று காட்டியவர் இந்த ஊர்த் துறைமுகம் வழியாக வந்தார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பினார். வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடவில்லை. கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, கடல்பரப்பில் பட்டுத் திரும்பும் வான வெளிச்சத்தை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது, கூடுதலாகவே. அப்படியானால் நிறம் தண்ணீரினுடையது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை எட்டியபோது கட்டுரை தயார். 1921 செப்டம்பரில் இங்கிருந்துதான் அது 'நேச்சர்' இதழுக்குப் புறப்பட்டது.

கல்கத்தாவில் அதற்குப் பிறகு ஏழு வருட வேலை. அதில் ஒரு சிறு சம்பவம் தேனோடு சம்பந்தப்பட்டவர்களுக்குப் பிடிக்கும். ராமனுடன் ஆய்வு செய்த எஸ். வெங்கடேஸ்வரன் நன்றாகச் சுத்திகரித்த கிளிசரினுக்குள் சூரிய ஒளியைப் பாய்ச்சினார். வழக்கமாகச் சிதறி வருவது நீலம். அன்று வந்தது பளிச்சென்ற பச்சை. ஓர் இனிப்பான, கெட்டியான திரவம் வெளிச்சத்தின் நிறத்தையே மாற்றி அனுப்பியது. வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன் திரவம் திரவமாக இதைத் தொடர்ந்து பார்த்தார். 1928 பிப்ரவரி 28-இல் விஷயம் உறுதியானது. ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒன்று தன் நிறத்தைச் சற்றே இழந்தோ கூட்டிக்கொண்டோ வருகிறது. எவ்வளவு மாறியது என்பது அந்த மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. ஃப்ரக்டோஸின் அதிர்வு வேறு, குளுக்கோஸின் அதிர்வு வேறு, அரிசி மாவுச்சத்தை உடைத்த நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளின் அதிர்வு வேறு.

ராமனுக்குச் சூரியனும் இரண்டு நிற வடிகட்டிகளும் கண்ணும் போதுமாக இருந்தன. இன்று லேசர். தேனில் பச்சை லேசரை அடித்தால் தேனே சொந்தமாக ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஓரத்துக்குப் போகிறார்கள். 2005-இல் இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் பாவெல் மடூசெக் குழுவினர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். லேசர் படும் இடத்திலேயே திரும்பி வரும் ஒளியைச் சேகரிக்காமல், சில மில்லிமீட்டர் தள்ளிச் சேகரிப்பது. பாட்டிலின் சுவரிலிருந்து வருவது பட்ட இடத்திலேயே நின்றுவிடும். உள்ளே போய் அலைந்து வருவது பக்கவாட்டில் கசியும். தள்ளி நின்று பார்த்தால் பாட்டிலைத் தாண்டி உள்ளிருப்பது மட்டும் தெரியும். விமான நிலையங்களில் பாட்டிலைத் திறக்காமல் திரவத்தைச் சோதிக்கும் கருவிகள் இதிலிருந்து பிறந்தவை. 2024-இல் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் இதே முறையைத் தேன் பாட்டில்களின்மேல் வைத்து, மூடியைத் திறக்காமலே அரிசிப் பாகையும் பீட் பாகையும் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். கணினிக்கு நல்ல தேன், கலப்படத் தேன் இரண்டின் ஒளிப்பதிவுகளையும் முன்கூட்டிப் பழக்கிவைத்தார்கள்.

மாமி செய்ததும் மூடியைத் திறக்காமல்தான்.

*

அதே கடையின் படிக்கட்டில் இரண்டு பையன்கள். முதுகுப்பை, கையில் கட்டிங் சாய். மாட்டுங்காவில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கிய வேதித் தொழில்நுட்பக் கல்லூரி, இன்றைய ஐ.சி.டி., நடக்கும் தூரம். இவர்கள் அங்கே படிக்கிறவர்களா, வேறு எங்காவதா, பேச்சிலிருந்து தெரியவில்லை. ஒருவன் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துக் காட்டுகிறான். சிவந்த பழுப்பு. ஆன்லைனில் வரவழைத்தது. நேபாளம்.

"மேட் ஹனிடா. ஒரு ஸ்பூன் போட்டா மிதக்கும்."

"ரெண்டு ஸ்பூன் போட்டா?"

"ட்ரை பண்ணலாம்."

தேனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வெளியே வந்த மாமியின் காதில் விழுகிறது. தேன் என்ற சொல் விழுந்தால் போதும், நின்றுவிடுகிறார். "என்னடா அது? சுத்தமான தேனோ?"

"ஹண்ட்ரட் பெர்சென்ட் ப்யூர், மாமி."

பையன் பொய் சொல்லவில்லை. அந்தப் பாட்டில் சொல்கிறபடி இருந்தால், அது தாராவி வாளியைவிடச் சுத்தம், மாமியின் பையிலிருப்பதைவிடச் சுத்தம். மலைப்பாறைகளில் கூடுகட்டும் உலகின் மிகப் பெரிய தேனீ, இமயமலைச் சரிவின் ரோடோடெண்ட்ரான் பூக்களிலிருந்து சேர்த்தது. குருங் மக்கள் கயிற்றேணியில் தொங்கி எடுத்தது. பாகு ஒரு சொட்டு இல்லை. தீக்குச்சி பற்றும், நீலமும் வெள்ளையும் சரியான எண்ணில் நிற்கும், கார்பன் ஐசோடோப்பு பாஸ், ஜெர்மன் ஆய்வகத்தின் கலப்படச் சோதனையிலும் பாகு என்று எதுவும் அகப்படாது. விஷம் பூவிலிருந்தே வருகிறது. கிரயானோடாக்சின் என்று பெயர். நரம்பிலும் இதயத்திலும் சோடியம் உள்ளே நுழையும் கதவுகளைத் திறந்தவை திறந்தபடியே பிடித்துவைத்துவிடும். தலை சுற்றும், வாந்தி, வியர்வை, ரத்த அழுத்தம் சரியும், நாடி மெதுவாகிக்கொண்டே போகும். பெரும்பாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும். இதயம் பலவீனமானவர்களுக்கு உத்தரவாதம் கிடையாது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கருங்கடல் கரையில், இன்றைய துருக்கியின் டிராப்சன் அருகே, செனபோனின் கிரேக்கப் படையினர் கிராமத்துத் தேனடைகளைப் பிய்த்துத் தின்று, எழுந்து நிற்க முடியாமல் சுருண்டு கிடந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். தென் கொரியா 2005-இல் நேபாளத்தின் இந்தத் தேன் உள்ளே வரக் கூடாது என்று தடுத்தது.

நம் தெருவில் தேனைப் பற்றிக் கேட்கப்படும் எல்லாக் கேள்வியும் 'அசலா' என்ற ஒன்றில் போய் முடிகிறது. அசலாக இருந்தால் நல்லது என்பது கேட்காமலே சேர்ந்துகொள்கிறது. கலப்படம் செய்கிறவனின்மேல் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் காட்டுக்கு நாம் ஒரு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டோம். அரிசிப் பாகு பர்ஸைத் திருடுகிறது, தேனீ வளர்க்கிறவன் பிழைப்பைக் கெடுக்கிறது. அந்தச் சின்னப் பாட்டில் ஆளையே படுக்கவைக்கும். இரண்டையும் பிடிக்க இரண்டு விதமான கண் வேண்டும்.

நியூசிலாந்துக்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்கே டூட்டு என்றொரு புதர். அதன் சாற்றை ஒரு சிறு பூச்சி உறிஞ்சி, இனிப்பான கழிவை இலைமேல் விடுகிறது. பூ குறைந்த காலத்தில் தேனீக்கள் அதையும் சேர்க்கின்றன. 2008-இல் கோரமண்டல் தீபகற்பத்தில் அந்தத் தேனடையைச் சாப்பிட்டவர்கள் வலிப்பு வந்து மருத்துவமனைக்குப் போனார்கள். (அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது ஒரு கப்பல், கப்பலுக்குப் பெயர் கொடுத்தது நம் சோழமண்டலக் கரை. சில பெயர்கள் நம்மைவிட நிறையப் பயணம் போயிருக்கின்றன.) இன்று அங்கே தேனில் டூட்டின் என்கிற அந்த நஞ்சு கிலோவுக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

0.7 மில்லிகிராம். அதே கிலோவில் சர்க்கரை 800 கிராம். இங்கேதான் ராமனின் வெளிச்சத்துக்கு மூச்சு வாங்குகிறது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் வாசிக்கும்போது மூலையில் ஒருவர் காதோடு சொல்வதைக் கேட்க வேண்டும். இதுவரை அந்த வேலையை நம்பகமாகச் செய்வது வேறு ஏற்பாடு: தேனைக் கரைத்து, நீண்ட மெல்லிய குழாய் வழியே செலுத்திக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் எடைபோடும் நிறை நிறமாலைமானி. அது அறையை அடைத்துக்கொண்டு நிற்கும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். ஒளியை வைத்து நஞ்சைப் பிடிக்கப் பார்க்கிறவர்கள் அதனால் நஞ்சை நேரே தேடிப் போவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. எந்தப் பூவிலிருந்து வந்தாலும் தேனில் அந்தப் பூவின் சாயல் இருக்கும். சர்க்கரை விகிதம், நிறமிகள், அமிலங்கள், புரதத் துணுக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு கையெழுத்து. ராமன் ஒளியிலும் அகச்சிவப்பிலும் அந்தக் கையெழுத்து விழுகிறது. உலோக நுண்துகள் பூசிய பரப்பில் வைத்தால் பலவீனமான குரலும் பல மடங்கு ஓங்கும். கணினி பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, இது சந்தேகப் பாட்டில் என்று ஒதுக்கிவைக்கும். ஒதுக்கியதை மட்டும் பெரிய கருவிக்கு அனுப்பினால் போதும்.

ஒப்பிடுவதற்குப் பழைய பதிவு இருக்க வேண்டும் என்பதுதான் இடிக்கிறது. நீலகிரியில் குறும்பர்கள் பாறையிலிருந்து எடுக்கும் மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், விரல் நுனியளவு கிடைக்கும் கொசுத்தேன், மகாபலேஷ்வரின் நாவல்பூத் தேன் என்று நம்மிடம் உள்ள வகைகளுக்கு ஐரோப்பியத் தேனைப் பழகிய கணினி என்ன தீர்ப்புச் சொல்லும்? நாவல்பூத் தேனின் கசப்பை அது குற்றமாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். கருவியை விலைக்கு வாங்கிவிடலாம். பதிவேட்டை நாம்தான் ஊர் ஊராக, பூப்பூவாக, பருவம் பருவமாக எழுத வேண்டும். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் தலைமையகம் இதே மும்பையில் வில்லே பார்லேயில்தான் இருக்கிறது. தேனீப் பெட்டிகளைக் கொடுப்பதோடு அந்தப் பெட்டிகளின் தேனை ஒளியில் பதிந்து வைக்கிற வேலையையும் யாராவது அவர்கள் மேசைமேல் வைக்கலாம்.

படிக்கட்டில் பாட்டில் மறுபடி பைக்குள் போய்விட்டது. "ராத்திரி ஹாஸ்டல்ல" என்று முடிவாகியிருக்கிறது. மாமி போகும்போது "வெறும் வயித்துல சாப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். எதைக் கேட்டுச் சொன்னாரோ.

*

செம்பூரில் மாலை. சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மருந்துக்கடை. இந்த நேரத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து திரும்புகிறவர்கள், டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள், மல்லிகைச் சரம். மருந்துக்கடையில் இருமல் சிரப்புக்கும் குளுக்கோஸ் டப்பாவுக்கும் நடுவே தேனும் உண்டு.

ஓர் ஆச்சி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கூட வந்தவள் பேத்தியாக இருக்க வேண்டும். மருத்துவமனைச் சீருடைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் இன்னும் கழற்றாத அடையாள அட்டை. வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. நேற்றா, முந்தாநாளா. ஆச்சிக்குத் தேன் வேண்டும்.

"நல்லதாக் குடுய்யா. பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கணும்."

கடைப்பையன் பெரிய பிராண்டை எடுத்து வைக்கிறான். ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இது அசலா?"

பேத்தி பாட்டிலை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்குகிறாள். "அசலா இருந்தாலும் வேண்டாம் ஆச்சி. ஒரு வயசு வரைக்கும் பிள்ளைக்குத் தேன் குடுக்கக் கூடாது."

"ஏன்? விஷமா?"

"நமக்கு ஒண்ணும் செய்யாது. பச்சப்பிள்ள வயித்துக்கு ஆகாது."

அவள் வரிசையில் நிற்கிறவர்களுக்கு முன்னால் அதற்குமேல் விளக்கவில்லை. மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் செத்துப் போகாமல் தூங்கிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் குடலில் அவற்றுக்கு இடம் கிடைக்காது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கலாம்; குழந்தை பால் உறிஞ்சக்கூட பலமில்லாமல் துவண்டுபோகும். அரிதாக நடப்பது, நடந்தால் பெரிதாக நடப்பது. காய்ச்சினால் வித்து சாகாது. எந்த லேசரும் அந்தப் பாட்டிலின்மேல் பட்டு இந்த வித்துகள் உள்ளே இருக்கின்றன என்று சொல்லப்போவதில்லை. எந்தத் தேனிலும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. வெளிநாட்டுப் பாட்டில்களில் இதைச் சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். இங்கே பேத்தி அச்சடித்த எழுத்தாக நிற்கிறாள்.

ஆச்சி விடவில்லை. "ஒங்கம்மைக்கு நாந்தான் தொட்டு வச்சேன். ஒனக்கும் நாந்தான். ரெண்டு பேரும் வாய் குறைஞ்சா போனீங்க?"

பின்னால் நிற்கும் ஒருவர் சிரித்துவிடுகிறார். பேத்தியும்தான். "வேணும்னா தாய்ப்பாலத் தொட்டு வைங்க. அதும் சேனைதான்."

ஆச்சி யோசிக்கிறார். கடைப்பையன் பில் போடுவதா வேண்டாமா என்று கையில் பாட்டிலோடு நிற்கிறான். வெளியே கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம், கிருத்திகை. பாலும் பன்னீரும் தேனும் பஞ்சாமிர்தமும் குடம் குடமாக ஏறிக்கொண்டிருக்கும் நேரம்.

"போடு பில்ல" என்கிறார் ஆச்சி. "முருகனுக்குக் குடுத்துட்டுப் போறேன். அவனுக்கு ஒரு வயசு தாண்டியிருக்கும்லா?"

"அபிஷேகத் தேன அங்க பிரசாதமாக் குடுப்பாங்க ஆச்சி. அத வீட்டுக்குக் கொண்டாந்து..."

"கொண்டாரமாட்டேன். அங்கயே நக்கிட்டு வந்துருவேன். எனக்குச் சீனி இருக்குன்னு சொல்லாத, தெரியும்."

பையன் பில்லைக் கிழித்துக் கொடுக்கிறான். பேத்தி போனை நீட்டிப் பணம் அனுப்புகிறாள்.